இரண்டரை வோல்ட்

மெர்பேங்க். செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை.
எண்ணெய் ஆலையின் வாடை ஒரு பக்கம்,
கடலின் உப்பு ஒரு பக்கம்.
தவமணி மூட்லியின் சவ வண்டி
என் பட்டறை வாசலில்
பின்னங்காலை மடக்கிக் குந்தியிருக்கிறது,
எழ மனமில்லாத நாய் மாதிரி.

"பெட்டி ஏத்தினா இறங்குது.
இறங்கினா எழும்பறதில்லை" என்றார்.
சனிக்கிழமை மொபேனி போகும் வழியில்
வேகத்தடை ஒவ்வொன்றிலும் தட்டியதாம்.
பின்னால் காரில் வந்த மகன்
அப்பாவுக்கு வலிக்குமே என்றானாம்.

முன்பே இரண்டு பட்டறை பார்த்தாயிற்று.
கம்ப்ரசர் புதுசு. காற்றுப் பைகள் புதுசு.
பில் முப்பத்தெட்டாயிரம் ராண்ட்.

ஸ்கேனரைச் செருகினேன்.
பிழை எதுவும் இல்லை என்றது திரை.
பிழையே இல்லாத வண்டி
பதினாறு வருடத்தில்
என் வாசலுக்கு வந்ததில்லை.

பைகளின் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன்.
ஒரு குமிழி இல்லை.
ரிலேக்கும் வால்வுக்கும் நேராகக் கரண்ட் கொடுத்தேன்.
கம்ப்ரசர் உறுமியது, பின்புறம் எழுந்தது.
ஆக, உடம்பில் கோளாறில்லை.
எழுந்திரு என்று சொல்ல வேண்டியவன்
சொல்லவில்லை.

பின் உயர சென்சாரின் அளவைத் திறந்தேன்: இரண்டரை வோல்ட்.
சிபோனெலோவைப் பின்னால் ஏறி உட்காரச் சொன்னேன்.
தொண்ணூறு கிலோ, தினம் ஒரு பன்னி சோ.
இரண்டரை.
குதிடா என்றேன். குதித்தான்.
இரண்டரை.
யார் கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்கிற
கடன்காரன் மாதிரி.

லிப்டில் தூக்கி விளக்கைப் பிடித்தேன்.
சக்கரத்தோடு ஏறி இறங்க வேண்டிய
சென்சாரின் சின்னக் கை.
அதை இழுக்கும் தண்டைக் காணோம்.
கையை நட்டநடுவில் நிறுத்தி
செம்புக் கம்பியால் கட்டியிருந்தது:
மூன்று சுற்று,
இடப்பக்கமாக ஒரு முறுக்கு,
விரலைக் கிழிக்காதபடி
நுனி உள்ளே மடக்கி.

இந்தத் தெருவில்
இடது கைக்காரன் நான் ஒருத்தன்தான்.

கொரோனா ஜனவரி. நாளுக்கு ஏழு நடை.
தண்டு ஒடிந்து விளக்கு எரிய
ராத்திரி பதினொன்றுக்கு ஓட்டி வந்தவர்
தவமணியின் கணவர்.
உதிரி பாகக் கடை எல்லாம் அடைப்பு.
"ஒரு வாரத்துக்கு மட்டும்" என்றேன்.
அதைக் கேட்டுக்கொண்டு போனவர்
அந்த வாரம் முடியுமுன்
இதே வண்டியில் பின்னால் படுத்துப் போனார்.
அவரோடு எத்தனை பேரோ.
காலியாகத்தான் போகிறோம் என்று
வண்டி நினைத்துக்கொண்டிருந்தது.

கம்பியை வெட்டினேன்.
புதுத் தண்டு, அறுநூற்று நாற்பது ராண்ட்.
உயரத்தை அளந்து திரும்பக் கற்றுக்கொடுத்தேன்.
படுத்துப் பார்க்கணும் என்றதும்
சிபோனெலோ டீ வாங்கப் போய்விட்டான்.
நானே படுத்தேன், உருளைகளின் மேல், மல்லாந்து.
வண்டி இரண்டு விரல் தாழ்ந்தது.
யோசித்தது.
அடியில் எங்கோ உறுமல்;
கூரை மெல்ல என்னோடு மேலே வந்தது.
எட்டிப் பார்த்தேன்: இரண்டரை.
இந்தத் தடவை பொய்யில்லை.

பில்லில் கூலி போடவில்லை.
ஏன் என்று கேட்டார்.
கம்பியை மேசைமேல் வைத்துச் சொன்னேன்,
தேதியோடு.
கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார்.
பிறகு கைப்பையில் போட்டு மூடினார்.

"இன்னும் ரெண்டு வண்டி இருக்கே.
அதிலயும் கட்டினியா?"

ஞாபகமில்லை என்றேன்.

"நாளைக்கு ஏழரைக்கு அனுப்பறேன்."