ஆடும் பெட்டி

கிடினியா துறைமுகத்தில் என் வேலை
நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்.
கீழே மனிதர்கள் வெறும் மஞ்சள் தலைக்கவசங்கள்.
இருபது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி
லாரியின் முதுகில் முட்டையைப் போல வைப்பேன்.
இதைச் செய்கிறவனுக்கு
ஒரு பின்னக் கணக்கு சொல்லித்தர வராதா
என்றுதான் நினைத்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் எனக்கு வேலை இல்லை.
விடியுமுன் பேக்கரிக்குப் போகிற ஹலினா
எட்டு மணிக்கே படுத்துவிடுவாள்.
சமையலறை மேசையில் நானும் யாக்னாவும்.
முக்காலோடு ஆறில் ஒன்றைக் கூட்டு.
அவள் பென்சிலை எடுக்குமுன்பே
பன்னிரண்டு, என்றேன்.
முதலில் பகுதியைப் பார், தொகுதியை அப்புறம் பார், என்றேன்.
அவள் எழுதிய ஒன்பதை அழித்தேன்.
ஒன்பது சரிதான் என்று பிறகு தெரிந்தது.
அதைத் திரும்ப எழுதியதும் நான்தான்.
"ஐந்தாம் வகுப்பில் நானெல்லாம்" என்று ஆரம்பித்தேன்.
ஐந்தாம் வகுப்பில் நான் கணக்கில்
ஆறுக்கு இரண்டு வாங்கினவன்.
அதைச் சொல்லவில்லை.

நவம்பரில் பெற்றோர் கூட்டம்.
நாற்காலி சின்னது, முழங்கால் நெஞ்சில் இடித்தது.
சாப்பாட்டுக் கட்டணம், காணாமல் போன ஒற்றை ஷூ,
எல்லாம் பேசி எல்லாரும் போன பிறகு
பானி ஸ்கிபா யாக்னாவின் நோட்டைத் திறந்தார்.
ஒரு தாளின் பின்பக்கத்தை
விரலால் தடவிப் பாருங்கள், என்றார்.
மேடு மேடாக இருந்தது.
"இது புதன்கிழமை கொண்டுவந்தது."
அடுத்த தாள் வழுவழுப்பு.
"இது வியாழன்."
இன்னொன்றில் ரப்பர் தேய்த்துத் தேய்த்து
காகிதத்தில் ஒரு ஜன்னல்.
"இது திங்கள்."
எனக்குக் கிழமைகளை எண்ணத் தெரியும்.
"நீங்கள் உட்காருகிற நாட்களில் விடை சரியாக இருக்கிறது.
மற்ற நாட்களில் பாதி தப்பு.
அந்தத் தப்பை வைத்துக்கொண்டு நான் ஏதாவது செய்யலாம்.
இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?"
பிறகு, கண்ணாடியைத் துடைத்தபடி:
"தேர்வில் நீங்கள் பக்கத்தில் உட்காருவதில்லையே."

டிராலிபஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தேன், இடம் இருந்தும்.
இனி நீயே பார்த்துக்கொள், என்று சொல்லிவிட்டேன்.
மூன்று வாரம்
பக்கத்து அறையில் சத்தத்தைக் குறைத்துக் கைப்பந்து பார்த்தேன்.
பெரிய மனசு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.
டிசம்பர்த் தேர்வில் அவளுக்கு இரண்டு.
எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு.

மறுநாள் கடலிலிருந்து காற்று.
நீலப் பெட்டி ஒன்று கம்பியில் ஆட ஆரம்பித்தது.
புதிதாக வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள்,
ஆட்டம் இரட்டிக்கும்.
சிலர் பயந்து கையை எடுத்துவிடுவார்கள்.
அது ஆடுகிற பக்கமே நாமும் கொஞ்சம் போகவேண்டும்,
அதன் தலைக்கு நேர் மேலே வந்து சேரும்வரை.
பதினேழு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.
பெட்டியை இறக்கிய பிறகும் கூண்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.
"மேலே என்ன, தூங்கிட்டியா?" என்று
ரேடியோவில் கத்தினார்கள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும்
மேசையின் மறுமுனையில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்.
அவள் முணுமுணுக்கிறாள். நான் தலை தூக்குவதில்லை.
தப்பாகப் போகும்போது
என் கத்தி மட்டும் ஒரு நொடி நிற்கிறது போல.
"அப்பா, கத்தியை நிறுத்தாதே" என்கிறாள்.
நேற்று மூன்று வரி வேறெங்கோ போனாள்.
"அப்புறம்?" என்றேன், நானும் கூடவே போய்.
நாலாவது வரியில் அவளே நின்றாள்.
"இது எங்கேயும் போகல."
அழித்தாள். லேசாக.

மார்ச்சில் மூன்று. அதற்கடுத்து நான்கு.
மறுபடி மூன்று.
அவள் தூங்கிய பிறகு நோட்டை எடுத்து
தாளின் பின்பக்கம் தடவிப் பார்க்கிறேன்.
சில இடங்களில் இன்னும் மேடு.

உருளைக்கிழங்குதான் அளவுக்கு மிஞ்சிப் போகிறது.
சனிக்கிழமைகளில் ஹலினா ஒன்றும் கேட்காமல்
அதையெல்லாம் துருவி அடை சுடுகிறாள்.