இருபது பவுண்டுக்குக் கீழே

அறுவடை மாதத்தில் நாளொன்றுக்கு
நூற்றிருபது லாரிகள் என் மேடையில் ஏறி இறங்கும்.
டெக்சஸ், டால்ஹார்ட். தானியக் கோபுரம், எடைமேடை,
ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, நான்.
எண்பதாயிரம் பவுண்டையும் தயங்காமல் சொல்லும் இயந்திரம்
இருபது இருபதாகத்தான் எண்ணும்.
இருபது பவுண்டுக்குக் கீழே
அதற்கு உலகம் கிடையாது.
நான் ஏறி நின்றால் தெரிவேன்.
என் மதியச் சாப்பாடு தெரியாது.

லாரி வராத ஒரு பன்னிரண்டரை மணிக்கு
நான்கு துண்டுகளையும் நடுமேடையில் அடுக்கிவிட்டு
ஓடி வந்து பார்த்தேன்.
பூஜ்யம்.
பச்சை வெளிச்சத்தில், கூச்சமே இல்லாமல், பூஜ்யம்.

பெடல் ஸ்டீலுக்கு விரல்நுனி போதாது.
பத்துத் தந்திகளுக்கும் குறுக்கே
படுத்துக் கிடக்க ஓர் உருளை வேண்டும்.
ஒரு முனை தோட்டா மாதிரி மழுங்கியிருக்கும்,
மறுமுனையில் கட்டைவிரல் பதிய ஒரு குழி.
அழுத்தக் கூடாது. அதன் கனமே போதும்.
பலகையில் இருக்கும் கோடுகள் வெறும் சாயம்.
கோட்டின்மேல் நின்றால் சுருதி;
மயிரிழை தள்ளினால்
மண்டபத்துக்கே பல் கூசும்.

என் பழைய உருளையின் முலாம் மூக்கில் உரிந்துவிட்டது.
மெல்லிய தந்தியைத் தாண்டும்போதெல்லாம்
பூனை நகம் போல ஒரு கீறல்.
அமரில்லோவில் கடை வைத்திருக்கும் லாயிட் ஸ்டகி
நான்கை ஒரு காலுறைக்குள் போட்டுத் தந்தான்:
‘ஒரு வாரம் வைத்திரு.
உருளையைத் திருப்பித் தர மறந்தால் பரவாயில்லை,
பணத்தை மறக்காதே.’

ஏழரை அவுன்ஸ்காரன் துருதுரு.
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி,
எப்போது எழுந்து போவான் என்று
எனக்கே தெரியவில்லை.

பத்து அவுன்ஸ், உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.
அதில் மீட்டிய ஒரு சுரம்
அடுக்களையைக் கடந்து, குளிர்பெட்டியின் முனகலுக்கு அடியில் புகுந்து,
நான் காப்பி ஊற்றி முடிக்கும்வரை இருந்தது.
ஆனால் வேகமான பாட்டில்
டிரம்காரன் வீட்டுக்குப் போன பிறகு வந்து சேர்கிறது.
ஐப்பசிக் குளிரில் வீங்கும் கட்டைவிரல் மூட்டும்
தன் கருத்தைச் சொன்னது.

பீங்கான் உருளை ஒன்று, பால்பல் வெள்ளை.
இழுத்தால் இரைச்சலே இல்லை.
இரண்டு நாள் காதலித்தேன்.
மூன்றாம் நாள் ஏதோ குறைந்தது:
சுற்றுத் தந்திமேல் எஃகு வழுக்கும் அந்தச் சரசரப்பு.
சரிவுக் குழாயில் மக்காச்சோளம் இறங்கும் சத்தம் அது.
நாளெல்லாம் வசைபாடியபடி கேட்கிறேன்,
வீட்டில் அது இல்லாமல் வாசிக்க முடியவில்லை.

அடுத்த அறையில் பேஸ்பால் பார்த்துக்கொண்டு கார்லண்ட் சொன்னான்:
‘நாலும் ஒரே மாதிரிதான் கேட்குது.’
தானிய உலர்த்தியில் ஒரு பேரிங் தேய்ந்தால்
முக்கால் மைலில் இருந்து கண்டுபிடிக்கிற மனுஷன்.

தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.
வியாழக்கிழமை வேலைக்கு வந்து
கோட்டுப் பைக்குள் சாவியைத் தேடியபோது
ஒன்பது அவுன்ஸ் கையில் தட்டுப்பட்டது.
எப்போது எடுத்துப் போட்டேனோ.
அன்று ஒவ்வொரு லாரிக்கும் சீட்டு எழுதிய கை
வலது. இடது, பைக்குள்.

சனிக்கிழமை நடனம்.
மூன்றாவது வால்ட்ஸில் வியர்வை.
உருளை கைநழுவித் தரையில் விழுந்து
பூட்ஸ்களுக்கு நடுவே உருண்டு போனது.
ஜோடிகள் விலகி வழிவிட்டன.
எல்ராய் ப்ரூயிட் காலால் நிறுத்தினான்,
ஆண்டுதோறும் என் ஜன்னலில் முஷ்டியால் தட்டி
‘உன் மேடை திருடுது, வெர்னா’ என்று கத்துகிற அதே எல்ராய்.

குனிந்து எடுத்தான். உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.
‘பத்து அவுன்ஸ் இருக்கும்.’

‘ஒன்பது.’

‘குறைச்சே சொல்லு.’

பாடகி நான் இல்லாமலே அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தாள்.
உருளை முழுக்க மக்காச்சோள மாவு,
கால் வழுக்கட்டும் என்று தரையில் தூவியிருந்தது.
பாவாடையில் துடைத்தேன். எட்டாம் கோட்டில் வைத்தேன்.

மாவைக் கழித்து,
ஒன்பது.