வினா எண் 23

சேரம்பாடி பேருந்தில்
மடியில் நாற்பது படிவங்கள்.
ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய்,
எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் மட்டும்.
அறைத்தோழியின் ஸ்வெட்டர்
கழுத்தை அரித்துக்கொண்டே வந்தது.

வீட்டுச் செலவை முடிவு செய்பவர் யார்?
கணவர் என்றால் ஒன்று.
மனைவி என்றால் இரண்டு.
இருவரும் சேர்ந்து என்றால் மூன்று.
அதோடு உலகம் முடிந்துவிடுகிறது.

மெய்யழகி
கணுக்காலில் ஏறிய அட்டையை
உப்புப் பொட்டலத்தால் தொட்டு உதிர்த்தார்.
வாசலில் பீடியோடு நின்றவரை
ஒரு தரம் பார்த்தார்.
"தராசு" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"எலை நனைஞ்சிருக்குனு
மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பாரு கணக்கப்பிள்ளை.
எண்ணெய் வாங்கலாமா, பிள்ளைக்கு ஜாமெட்ரி பாக்ஸா,
அந்த ரெண்டு கிலோதான் சொல்லும்.
இதுல அவரு என்ன, நான் என்ன?"

தராசுக்குக் குறியீடு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
இரவு கூடலூர் லாட்ஜில்
தோசையைப் பிய்த்தபடி திட்ட மேற்பார்வையாளர் சொன்னார்,
"கம்ப்யூட்டர் ஓரமெல்லாம் படிக்காதும்மா.
அவரும் இல்ல, அந்தம்மாவும் இல்லன்னா
ரெண்டு பேரும்னு வச்சுக்க. மூணு போடு."
போட்டேன்.
எத்தனை பேர் எத்தனை மூன்றுகள் போட்டோமோ.

மறுவருடம் வழவழத் தாளில் அறிக்கை:
தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில்
அறுபத்தெட்டு சதவீதம் கூட்டு முடிவு.
வட்டப்படத்தில் அது பச்சை.
கருத்தரங்கில் கைதட்டினார்கள்.
அந்தப் பச்சைக்குள் எங்கோ
என் ரப்பர் தேய்த்த இடம் இருந்தது,
எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

மறுபடி போனேன். வேறு திட்டம், வேறு கேள்விகள்.
லைன் வீட்டுச் சுவரில்
சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது அதே வட்டம்.
மகளிர் குழுப் பயிற்சியில் கொடுத்தார்களாம்.
"இதுல நாங்களும் இருக்கோமாமே.
எல்லா வீட்லயும் சேர்ந்துதான் முடிவு பண்றாங்க,
யுனிவர்சிட்டியே எழுதிருக்கு,
நம்ம வீடு மட்டும் ஏன் இப்படின்னு கேட்டேன்.
ரெண்டு நாள் பேசல மனுஷன்.
மூணாம் நாள் ஏடிஎம் கார்டை
சாமிப் படத்துக்குக் கீழ வச்சிட்டுப் போனாரு."

அப்போதுதான் அந்தப் பீடி நெடி ஞாபகம் வந்தது.
அன்றைக்குச் சரியான விடை ஒன்று.
அவர் சொன்னது தராசு.
நான் எழுதியது மூன்று.
இன்று கேட்டால் மூன்றேதான்.
இதை எந்த அடிக்குறிப்பில் சேர்ப்பது?

"ஈரக் கழிவு?" என்றேன்.
"அது அப்படியேதான். இப்ப மூணு கிலோ."
என் கையை எட்டிப் பார்த்தார்.
"அதையும் எழுதுங்களேன். அச்சுல வந்தா நடக்குதே."

இந்த முறை டேப்லெட்.
அதற்கு ஓரம் கிடையாது.
சாரல் திரையில் விழுந்து
நான் தொடாத கட்டங்களையெல்லாம்
தானே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.