ரிவர்ஸ் விழவில்லை

மஞ்சக்குப்பத்தில், கல்யாண மண்டப வாசலில்
கல்லைக் கடித்ததுபோல் ஒரு சத்தம்.
அதற்குப் பிறகு ரிவர்ஸ் விழவில்லை.
முன்னால் போகிற ஐந்தும் சரியாக இருந்தன.
பின்னால் போகிற ஒன்றுதான்.

முதலியார்பேட்டை அந்துவான்
பனியன் துணியை விரித்துக் காட்டினார்:
மூன்று பல்.
வடித்த எண்ணெயோடு வந்து விழுந்ததாம்.
"ஒண்ணு நாப்பத்தஞ்சு ஆகும்மா.
ஒண்ணுன்னா லட்சம்."
கூரையில் போட்டால் முளைக்குமா என்று கேட்டாள்
மகிழ்மதி; அவளுக்கும் முன்பல் இல்லாத வருஷம்.
அந்துவான் சிரிக்கவில்லை.
"ஓட்டலாம். பின்னாடி போறதை மட்டும்
நெனைக்காதீங்க."

இன்னும் இருபத்தாறு தவணை இருக்கிறது.
என் அக்கா பிள்ளைகள், அவன் தம்பி பிள்ளைகள்,
எல்லோரும் ஏறவென்று ஏழு சீட்.
பாண்டி நம்பர், வரி மிச்சம் என்று
கணக்குப் போட்டுச் சொன்னவள் நான்.
திருவந்திபுரத்தில் பூஜை போட்ட அன்று
எலுமிச்சம்பழம் நான்கும்
ஒரே நசுக்கில் நசுங்கின.
அதையும் நல்ல சகுனம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

பிறகு வண்டியை நிறுத்தப் பழகினோம்.
எங்கே போனாலும் மூக்கு ரோட்டைப் பார்த்து.
மேடு கிடைத்தால் அதிர்ஷ்டம்,
முகத்தை ஏற்றி நிறுத்தி பிரேக்கை விட்டால்
தானாகப் பின்வாங்கும்.
வில்வராயநத்தம் சித்தி வீடு முட்டுச்சந்தில்.
வளைகாப்புக்கு வரவில்லை என்று
இன்னும் பேசாமல் இருக்கிறாள்.
பல் உடைந்ததைச் சொன்னோம்.
யாருக்கு என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்
ஆல்பேட்டை செக்போஸ்ட்.
பாண்டியிலிருந்து வருகிற வண்டிகளில்
பாட்டில் தேடும் நேரம்.
தேவநாதன் தடுப்பை முட்டுகிறமாதிரி போய் நிறுத்திவிட்டான்.
"பின்னாடி எடு."
"பின்னாடி போகாது சார்."
ஏட்டையா அதைத் திமிராக எடுத்துக்கொண்டார்.
டிக்கியைத் திறக்கச் சொன்னார்.
ஈரத் துண்டு, கடல் மணல்,
பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்,
ஒற்றைச் செருப்பு.

எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

ஒரு காரைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள்
பானெட்டில் கையை ஊன்றி
ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக நிற்கவேண்டும்.
பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட்டிலிருந்து
ஒரு காதும் பாதித் தாடையுமாகவே பார்த்த ஆள்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முழுசாக இருந்தான்.
முடி இவ்வளவு ஏறியது எப்போது?
புருவத்துக்கு நடுவில் ஒரு கோடு,
அந்துவானிடம் கணக்குக் கேட்டபோது
வந்ததாக இருக்கலாம்,
அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.
அவன் பார்வை பின்கண்ணாடியில் இருந்தது.
உதடு அசைந்தது.
மெதுவாக என்றானா, என் பெயரையா,
இல்லை ஏட்டையாவைத் திட்டினானா, தெரியவில்லை.
திட்டியிருந்தால் தப்பு.
என் தோளை ஒட்டி
தொப்பியைக் கழற்றி பானெட்டில் வைத்துவிட்டு
அவரும் தள்ளிக்கொண்டிருந்தார்.
"நல்ல கனம்," என்றார் மூச்சு வாங்க.
ஆமாம் என்றேன்.

நேற்று கன்னிக்கோயில் தாண்டியதும்
மூன்றாவது கியரில் ஒரு முனகல்.
தேவநாதன் பாட்டைக் கூட்டி வைத்தான்.
நான் ஜன்னலை ஏற்றினேன்.
பின்சீட்டிலிருந்து மகிழ்மதிதான் சொன்னாள்:
"அம்மா, இன்னொரு பல் ஆடுது."