தரையில் காணப்பட்டார்

இரவு ஏழரைக்கு வாட்டைப் பொறுப்பேற்றதும்
ஒவ்வொரு கட்டிலிடமும் அதே கேள்விகள்.
மூன்று மாதத்துக்குள் எங்காவது விழுந்தீர்களா: இருபத்தைந்து.
கையில் சேலைன் ஏறுகிறதா: இருபது.
ஊன்றுகோலுடன் நடப்பவரா: பதினைந்து.
கோலை மூலையில் சாத்திவிட்டு
சுவரையும் மேசையையும் பிடித்து நடப்பவரா: முப்பது.
கடைசிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை,
ஆளைப் பார்த்து நானே நிரப்ப வேண்டும்:
தன்னால் எவ்வளவு முடியும் என்பதை மறந்தவரா?
பதினைந்து.

சட்பரி. தை மாதம்.
ஜன்னலுக்கு அப்பால் ஏரி உறைந்து கிடக்கிறது,
அதன்மேல் யாரோ டிரக் ஓட்டிப்போன தடம்.
பதினான்காம் கட்டிலில் ஐனோ லாஹ்தினென், எண்பத்தொரு வயது,
நிக்கல் சுரங்கத்தில் முப்பத்தாறு வருடம்.
"நாலாயிரம் அடி ஆழத்துக்குத் தினமும் போய் வந்தவன்.
இந்தக் கட்டிலில் இருந்து இரண்டடி இறங்க
உன்னைக் கூப்பிடவேணுமோ?"
கூட்டிப் பார்த்தேன். தொண்ணூறு.

மணிக்கட்டில் மஞ்சள் பட்டி, காலில் மஞ்சள் காலுறை,
கதவில் விழுகிற நட்சத்திரம் ஒன்று.
கட்டிலைத் தரைமட்டும் இறக்கினேன்.
மெத்தைக்கு அடியில் அலாரம்.
அவர் எழும்பினால் அது கத்தும்,
அது கத்தினால் நான் ஓடுவேன்.
முதல் தடவை ஓடி வந்து நின்றபோது
அவிழ்ந்திருந்த என் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக் கேட்டார்:
"உனக்கு எத்தனை புள்ளி?"

படிவத்தில் விழுதலுக்கு ஒரே ஒரு பெட்டி.
என் மொழியில் இடறலாம், சறுக்கலாம், தடக்குப்படலாம்,
தலைசுற்றிச் சரியலாம்,
பொத்தென்று, சுருண்டு,
கம்பியைப் பிடித்தபடியே மெல்ல மெல்ல,
வெட்கப்பட்டுக்கொண்டும்கூட.
பெட்டிக்குள் ஒரு புள்ளடி போடுகிறேன்.

ஆனால் அன்று விழுந்தது அவரல்ல.
பதினொன்றாம் கட்டில் ஜினெட், நாற்பத்திரண்டு,
பித்தப்பை எடுத்து இரண்டாம் நாள்,
விடிந்தால் வீட்டுக்கு.
அவளுக்கு நான் போட்டது சைபர்.
மூன்று பத்துக்கு ஒரு சத்தம், அலாரம் இல்லாத சத்தம்.
கழிவறைக் கதவுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் அவள்,
பக்கத்தில் இன்னும் உருண்டுகொண்டிருந்த பிளாஸ்டிக் குவளை.
றொஷெலைக் கூப்பிட்டேன்.
தலையில் அடியில்லை. கண்மணி இரண்டும் சரி.
இரத்த அழுத்தம் தொண்ணூற்றுக்குக் கீழே.
"மணியை அடித்திருக்கலாமே."
"நீ அப்போதுதான் உட்கார்ந்தாய்," என்றாள்.
"கதவிடுக்கால் பார்த்தேன்.
வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாய்."

'விழுந்தார்' என்று எழுதக்கூடாது,
விழுந்ததை நான் பார்க்கவில்லை.
'தரையில் காணப்பட்டார்' என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
காரணம்: ஈரம், இருட்டு, காலணி, மருந்து, மற்றவை.
மற்றவை என்றால் விளக்குக, இருநூறு எழுத்துக்குள்.
வாழைப்பழம் என்று அடித்தேன்,
அழித்தேன்.
புதிய புள்ளி இருபத்தைந்து.
அவள் மஞ்சள் பட்டிக்குக் கையை நீட்டிய விதம்
தண்டம் கட்டுகிறவளைப் போல இருந்தது.

ஐந்து மணிக்குப் பதினான்கு கத்தியது.
ஓடினேன். ஐனோ கட்டில் விளிம்பில்,
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்:
"எழும்பவில்லை. இருந்தேன், அவ்வளவுதான்."
பிறகு, "அந்தப் பெண் சுகமா?"
இடுப்புப் பட்டியைக் கட்டவிட்டார், முதல் தடவையாக.
கழிவறைக்குப் பதினொரு அடி.
நான் எண்ணினேன், அவரும் எண்ணினார், அவருடைய பாஷையில்.
கதவைப் பாதி சாத்தி, பட்டியின் நுனியை விடாமல்
சுவரைப் பார்த்து நின்றேன்.

பழம் மேசையிலேயே கிடந்தது, உரித்த பக்கம் கறுத்து.
மருந்து அறைக்குள் கொண்டுபோய்
நின்றபடி சாப்பிட்டேன்,
எந்தக் கட்டிலின் கண்ணிலும் படாமல்.