மருந்து உட்கார்ந்த இடம்

பகாவ் பட்டணத்தில்
மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடி.
கீழே யாரோ சங்கிலி மாற்றுகிறார்கள்.
மேலே நான்
பதினோராயிரத்துச் சொச்சம் ஆய்வுக் கட்டுரைகளை
ஒரே திரையில் கொட்டி வைத்திருக்கிறேன்.

கட்டுரைக்கு ஒரு புள்ளி.
எழுத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து
அருகருகே உட்கார வைக்குமாம் இந்தத் தேடுபொறி,
கல்யாணப் பந்தியில் உறவு பார்த்து இலை போடுகிற
மாமாவைப் போல.

வலப்பக்கம் பச்சைக் கொத்து, களைகள்:
எப்படி முளைக்கின்றன, எதற்குச் சாகின்றன,
எத்தனை மழைக்குப் பிறகு திரும்பி வருகின்றன.
கீழே ஊதா, செம்பனை விளைச்சல்.
எங்கோ மூலையில் பழுப்பாய்
கப்பலேறி வந்தவர்களின் சரித்திரம்.
ரப்பரோடு அது நின்றுவிடுகிறது.

முதல் வாரம் ‘நகம்’ என்று தேடினேன்.
நகப்பூச்சு வந்தது, நகச்சுத்தி வந்தது,
பலகையில் அறைகிற ஆணியும் வந்தது.
(வெள்ளைக்காரனுக்கு இரண்டும் ஒரே சொல்.)
‘நகம் கழன்று விழுதல்’ என்றேன்.
ஏழு கட்டுரை.
ஏழாவதில் எலி.

பிறகுதான் என் நேர்காணல்களை ஏற்றினேன்.
நாற்பத்தொரு பெண்கள்,
முதுகில் பதினாறு லிட்டர் தோம்பு சுமக்கிறவர்கள்.
அவர்கள் பேசினபடியே தட்டச்சு செய்தது.
நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகளும்
கொஞ்சம் தயங்கி
ஆஸ்பத்திரிக் கொத்துக்குள் போய் உட்கார்ந்தன.
‘நோயாளிகள் மருந்தைத் தவறவிடுவது ஏன்’
என்ற கட்டுரைக்குப் பக்கத்து இலையில்.

தவமலர் சொன்னது இதுதான்:
“காலையில ஆறரைக்கு மருந்து கலக்கிருவோம்.
மருந்து பட்டா எரியும்.
மருந்து இல்லாத நாளு சம்பளம் இல்ல.”
பொறி இதில் ஒரு மாத்திரையைப் பார்த்திருக்கிறது.
குணமாக ஆசைப்படும் ஒருத்தியைப் பார்த்திருக்கிறது.
அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
கொல்வதற்கு வாங்கியதை
மருந்து என்று கூப்பிட்டுப் பழகிய வாய்
என்னுடையதும்தான்.

எல்லா மருந்தையும் களைக்கொல்லி ஆக்கினேன்,
அறுநூற்றுப் பன்னிரண்டு இடத்தில்.
புள்ளிகள் ஒன்றாய் எழும்பிப்
பச்சைக்குள் இறங்கின.
அங்கே எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்:
களை செத்ததா?
பம்ப்பைப் பிடித்திருந்த கை யாருடையது என்று
தொண்ணூறு கட்டுரை வரை புரட்டிவிட்டு விட்டேன்.

திரும்ப மருந்து.
திரும்பக் களைக்கொல்லி.
கெமாஸ் பக்கம் போகிற இரவு ரயில்
ஜன்னலை உலுக்கிப் போகும்வரை
அவர்களை இங்கும் அங்கும் துரத்திக்கொண்டிருந்தேன்.
இரண்டுக்கும் நடுவே திரையில் ஒரு சாண் வெற்றிடம்.

தூக்கம் கலைந்த எரிச்சலில்
அந்தப் பக்கத்து இலைக்காரனைத் திறந்தேன்.
காசநோய், வேறு தேசம், துணி ஆலை.
நான்காம் அட்டவணையின் அடியில் ஒரு வரி:
மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது,
நடுங்கினால் வேலை போய்விடும்,
மறைத்துப் போட்டேன்.

தவமலர் என்னிடம் பேசிய ஒன்றரை மணி நேரமும்
கையைத் துண்டுக்குள் வைத்திருந்தாள்.
குளிர் என்று நினைத்து
விசிறியை நிறுத்தியவள் நான்.
அதைக் குறிப்பில் எழுதவே இல்லை.
இப்போது எழுதினேன்.

சனிக்கிழமை
அவளே பிரேக் கட்டை வாங்கக் கடைக்கு வந்தாள்.
மேலே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன்.
செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே பார்த்தாள்.
“இலைப்புள்ளி நோயா?”
“இல்லக்கா, ஆராய்ச்சி.”
உள்ளே வந்து, கண்ணைச் சுருக்கி,
நகமில்லாத விரலால்
பச்சை, ஊதா, பழுப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.
“நல்லா பரவிருச்சு.
மருந்து அடிக்கணும்.”