ஒரே ஒரு பெயர்

நூற்றாண்டு மலரின் முதற்பக்கத்துக்கு
ஒரே ஒரு துடுப்பாட்டக்காரன்.
கமிற்றி முடிவெடுத்துவிட்டது.
கணக்கு என் தலையில்:
வங்கியில் வட்டி போடுகிறவள் பிழை விடமாட்டாளாம்.

அறுபத்துமூன்றில் எமிலியானுஸ்.
சராசரி நாற்பத்தொன்று தசம் இரண்டு.
தும்புப்பாய் விரித்த பிட்ச்.
ஆணி கழன்ற மூலையில் குத்தினால்
பந்து எங்கே போகுமென்று
போட்டவனுக்கே தெரியாது.
ஹெல்மெட் இல்லை. தலையில் எண்ணெய் மட்டும்.

போன வருஷம் கபிஷன். ஐம்பத்தெட்டு.
புல் பிட்ச், கிட்ட இழுத்துக் கட்டிய எல்லைக்கயிறு.
தன் அடியைத் தானே போனில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான்.
குறை சொல்லேலாது.
எதிரே ஓடி வருகிறவனும்
அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான்.

ஆகவே வகுத்தேன்.
அந்தந்தக் காலத்து எல்லாருடைய சராசரியாலும்
அவனவன் சராசரியை.
எமிலியானுஸ் இரண்டு தசம் மூன்று மடங்கு,
கபிஷன் இரண்டு தசம் ஒன்று.
ஒரு பிடி நழுவினால் மாறிவிடுகிற இடைவெளி.

பிறகு தயாபரன்.
தொண்ணூற்றொன்று முதல் தொண்ணூற்றைந்து வரை
மொத்தம் ஏழே இன்னிங்ஸ்.
கப்பலில் மாவு வரும், பந்து வராது.
செருப்புத் தைக்கிற ஊசியால்
ஒரே பந்தைத் தைத்துத் தைத்து ஆடியிருக்கிறார்கள்.
ஓட்டங்கள் இருநூற்று ஐம்பத்திரண்டு.
ஆட்டமிழக்காதவை மூன்று;
மூன்றிலும் அதே குறிப்பு:
'பொம்பர் வந்தது.'

விதிப்படி நாலால் வகுத்தால் அறுபத்துமூன்று.
அதை எதனால் வகுக்கிறது?
மற்றக் கழகங்களின் புத்தகங்கள்
இடம்பெயர்ந்த வழியில் எந்த வாய்க்காலிலோ.

ரொறன்ரோவுக்கு எடுத்தேன்.
அங்கே விடியப்புறம். வேலைக்குப் போக
வேனைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.
"அந்த முப்பத்தேழு நொட் அவுட் இல்லைப் பிள்ளை.
எட்ஜ். கீப்பர் வடிவாப் பிடிச்சவன்.
அம்பயர் கையைத் தூக்கமுந்திப்
பங்கருக்குள்ள பாஞ்சிட்டார்."

அப்படியென்றால் ஐந்தால் வகுக்கவேண்டும் அண்ணை,
ஐம்பது தசம் நாலுக்கு இறங்கிவிடும்.

"இறங்கட்டும்.
போட்டது ஜெயரூபன், மானிப்பாய்ப் பெடியன், இடக்கை.
அவன்ர பேரைப் போடுங்கோ."

தேடினேன்.
ஜெயரூபன் வருவது அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும்.
நாலு ஓவர், பத்தொன்பது ஓட்டம், விக்கெட் பூச்சியம்.
அதன் பிறகு எந்தப் பக்கத்திலும் அவன் இல்லை.
தயாபரனிடம் கேட்க வாயெடுத்தேன்.
வேன் கதவு சாத்திக் கேட்டது.

முதற்பக்கம் வெறுமையாய்த்தான் கிடக்கிறது.
நாளைக்கும் கமிற்றி எடுக்கும்.
பென்சிலைச் சீவி
பூச்சியத்தை அழித்து
ஒன்று போட்டேன்.